காப்பகத்து நாயைத் தத்தெடுக்க: ஜேடர்பாளையத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாய்க் காப்பகங்களில் இடமில்லை, தத்தெடுக்க ஆள் வருவதில்லை என்கிறார்கள். சரி, நாம் ஒன்றை வளர்க்கலாமே என்று போன் போட்டால், பெண் கேட்டு வந்தவர்களைத் துருவுவது போலத் துருவுகிறார்கள். வீடு சொந்தமா, வாடகையா? சுற்றுச்சுவர் உண்டா? வீட்டில் எத்தனை பேர்? முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று? கட்டி வைப்பீர்களா? ஆதார் நகல் அனுப்புங்கள், வீட்டை வீடியோவில் காட்டுங்கள், கருத்தடை செய்வதாக எழுதிக் கொடுங்கள்.

ஜேடர்பாளையம், சோழசிராமணி, கபிலர்மலைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது புதிது. இங்கே நாய் வாங்குவது என்ற பேச்சே கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் நாய் குட்டி போட்டால், கண் திறந்து ஓடியாடும் பருவத்தில் கடுவனாகப் பார்த்து ஒன்றைத் தூக்கி வருவோம். கரும்புக் காட்டுக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் காவல் இருக்கும், ஆட்டுப்பட்டி ஓரம் படுத்துக்கொள்ளும், மிச்சச் சோறு தின்னும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். அப்படி வாழ்ந்தவர்களிடம் ஒருவர் நான்கு பக்கப் படிவத்தை நீட்டினால் கோபம் வருவது இயல்பு.

அந்தக் கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். காப்பகங்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை நியாயமானவை. சில கேள்விகள் நகரத்து அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, தோட்டத்து வீட்டுக்கு அப்படியே பொருந்தாதவை. எது எந்த வகை என்று பிரித்தறிந்துவிட்டால், காப்பகத்தின் கதவு உங்களுக்குத் திறக்கும்.

விதிகள் ஏன் இவ்வளவு கறார்?

நேராகச் சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. நாயை மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது அதன் 11-ஆம் பிரிவின்படி குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிட்டுப் போவதும் குற்றம். படித்தால் நெஞ்சு நிறைகிறது. தண்டனையைப் பாருங்கள்: முதல் முறை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் திரும்பச் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஐம்பது ரூபாய். நாயைச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி விட்டு வருபவருக்கு அதற்கான பெட்ரோல் செலவே அதைவிட அதிகம்.

நாய் கைமாறிய பிறகு அதைக் காக்கும் வலு சட்டத்துக்கு இல்லை என்பதை நாய் மீட்பவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். நாயைக் கொடுக்கும் முன்பு கேள்வி கேட்பது மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கிறது. கறார் முழுவதும் வாசலிலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் கெட்டவர் என்று யாரும் முடிவு கட்டிவிட்டுக் கேட்பதில்லை. உங்களுக்கு முன் வந்தவர்களில் சிலர் என்ன செய்தார்கள் என்பதை நினைத்துக் கேட்கிறார்கள். குட்டியை வாங்கிப் போய், அது வளர்ந்து செருப்பைக் கடித்ததும் தெருவில் விட்டவர்கள் உண்டு. குழந்தையின் பிறந்தநாள் பரிசாகக் கேட்டு வாங்கி, பள்ளி திறந்ததும் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பெட்டை நாயை வாங்கிக் குட்டி போட வைத்து விற்றவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று அறுபதுகளிலேயே சொன்னது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆயிற்று. ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962-இல் உருவான இந்திய விலங்குகள் நல வாரியம், தெரு விலங்குகளைத் தத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு நடைமுறையை 2022-இல் வெளியிட்டது. படிவமும் சான்றுகளும் ஏதோ ஒரு காப்பகத்துப் பெண்மணியின் தனி விருப்பம் என்று நினைத்துவிட வேண்டாம்.

படி 1: வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

நாட்டு நாய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் இருக்கும். இன்று ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன் ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்றால், அவன் கல்லூரி முடித்து ஈரோட்டிலோ பெங்களூருவிலோ வேலைக்குப் போன பிறகும் நாய் உங்கள் வாசலில்தான் படுத்திருக்கும். அதற்குச் சோறு வைக்கப் போவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அதனால் முதலில் கேட்க வேண்டியது அவர்களை. அம்மாவோ அத்தையோ அரைமனதாகத் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று கொள்ளாதீர்கள். காப்பகத்துக்காரர்கள் வீட்டில் எல்லோரிடமும் பேச வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

இன்னும் இரண்டு பேரைக் கேளுங்கள். ஒருவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். காங்கேயம், வெள்ளக்கோவில், சென்னிமலை வட்டாரங்களில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. புது நாய் வருகிறது என்றால் பட்டி வைத்திருப்பவருக்கு வயிறு கலங்குவது நியாயம். அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், எப்படிக் கட்டுப்படுத்தி வைக்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வாடகை வீடாக இருந்தால் இன்னொருவர் வீட்டுச் சொந்தக்காரர். அவரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள்.

படி 2: எந்த நாய் வேண்டும் என்று தெளிவாகுங்கள்

காப்பகங்களில் நிறைந்து கிடப்பவை பெட்டைக் குட்டிகள். காரணம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. "கடுவன் குட்டி இருந்தாச் சொல்லுங்க" என்று சொல்லி வைப்போம். ஒரு ஈற்றில் பிறந்த குட்டிகளில் கடுவன்கள் தோட்டங்களுக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் பெட்டைகள் ஆற்றோரத்திலும் சந்தைப்பேட்டையிலும் பேருந்து நிலையத்திலும் விடப்படும். ஆறேழு மாதத்தில் அவையே பருவத்துக்கு வரும், அதன் பிறகு இரண்டு மாதத்தில் ஈனும்.

காவலுக்கும் துணைக்கும் நாய் தேடுபவருக்கு நான் முதலில் சொல்வது, கருத்தடை செய்த பெட்டையை. கடுவனைப் போலப் பருவ நாய்களின் வாசனை பிடித்து ஊர் சுற்றப் போகாது. வீட்டோடு ஒட்டிக்கொள்ளும், ஆள் வந்தால் குரைப்பதில் எந்தக் குறையும் வைக்காது. பெட்டைக்குச் சம்மதம் என்று நீங்களே சொன்னால் காப்பகத்தில் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

குட்டிதான் வேண்டும் என்றும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று வயது நாயின் குணம் முன்பே தெரியும். ஆட்டைத் துரத்துமா, கோழியைப் பிடிக்குமா, குழந்தையிடம் எப்படி என்பதைக் காப்பகத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். கோழியும் ஆடும் உள்ள வீட்டுக்கு இந்தத் தகவல் பெரிய வரம். குட்டியிடம் இதெல்லாம் போகப் போகத்தான் தெரியும். குட்டியையே எடுத்தாலும் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டி வேண்டாம். விற்பனைக்கே அந்த வயது வரம்பைச் சட்ட விதிகள் வைத்திருக்கின்றன.

படி 3: எங்கே கேட்பது

ஜேடர்பாளையத்துக்கு அருகே பெரிய காப்பகம் இல்லை. கோயம்புத்தூர், சேலம், ஈரோடு, சென்னை என்றுதான் போக வேண்டும். தூரமே ஒரு தடையாகும். நாய் எப்படி இருக்கிறது என்று நேரில் வந்து பார்க்க முடியாத ஊருக்குக் கொடுக்க மாட்டோம் என்பது பல காப்பகங்களின் விதி. அதைத் தாண்ட ஒரு வழி உண்டு. உங்கள் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரைச் சாட்சியாக வையுங்கள். அவர் எண்ணைக் கொடுத்து, "எங்களைப் பற்றி இவரிடம் கேளுங்க, நாயை இவர்தான் பார்த்துக்குவாருங்க" என்று சொல்லுங்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, அதனுடன் மருத்துவமனையும் இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வரும் தொலைவில் வீடு என்பது சென்னைவாசிகள் பலருக்கும் இல்லாத வசதி. அதை மறக்காமல் சொல்லுங்கள்.

தெருநாயையே தத்தெடுக்க விரும்பினாலும் வழி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெருநாய்கள் பற்றிய உத்தரவில், விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றது. அந்த நாய்க்கு அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டும், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு என்றும் சொன்னது. தத்தெடுத்தல் என்றால் பொறுப்பேற்றல் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே. "லாப்ரடார் குட்டி இலவசம், வண்டிச் செலவு மட்டும் கூகுள் பேயில் அனுப்புங்க" என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். நாயை நேரில் பார்க்கும் வரை ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

படி 4: படிவமும் போன் பேச்சும்

பெரும்பாலானவர்கள் கழன்று போவது இங்கேதான். பொய் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. உண்மையைப் பாதி சொல்லி நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. எடுத்துக்காட்டாக இப்படி ஒரு பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணா, நாயைக் கட்டி வைப்பீங்களா?"

"கட்டித்தானுங்க வெக்கணும், மேடம்."

பேச்சு அதோடு முடிந்தது. அந்தப் பக்கம் இருப்பவர் மனத்தில் இரண்டடிச் சங்கிலியில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் நாய் ஒன்று வந்து நிற்கிறது. இந்தப் பக்கம் இருப்பவர் நினைத்தது வேறு: பகலில் ஆடுகள் மேய்ந்து திரும்பும் நேரத்தில் கொஞ்சம் கட்டிவிட்டு, மற்ற நேரமெல்லாம் களத்திலும் வாசலிலும் அவிழ்த்து விடுவது. அதை அவர் சொல்லவே இல்லை. இப்படிச் சொல்லியிருக்கலாம்: "பகல்ல ரெண்டு மணி நேரம் திண்ணை நிழல்ல கட்டுவோமுங்க. மத்த நேரம் கம்பிவேலி போட்ட களத்துக்குள்ள அவுத்து விட்டிருப்போம். ராத்திரி வாசல்ல, தகரக் கொட்டாய்க்குள்ள படுக்கும்."

எங்கே படுக்கும் என்ற கேள்வியும் இதே வகை. வீட்டுக்குள்தான் படுக்க வேண்டும் என்பது பல நகரக் காப்பகங்களின் நிபந்தனை. தோட்டத்து வீட்டில் மனிதர்களே கோடையில் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிறோம். இந்த விதியின் நோக்கம் மழை, வெயில், தனிமை மூன்றிலிருந்தும் நாயைக் காப்பது. மூன்றுக்கும் உங்களிடம் என்ன ஏற்பாடு என்று சொல்லுங்கள். ஆளில்லாத தூரத்துக் காட்டில் தனியாகக் கட்டிவைத்து, காலையில் ஒருமுறை போய்ச் சோறு வைத்து வருவதுதான் உங்கள் திட்டம் என்றால், காப்பகம் மறுப்பதே சரி. மனிதரோடு வாழப் பழகிய உயிரை ஆளில்லாத காட்டில் கட்டிப் போடுவது கொடுமை. அதைக் காவல் என்று அழைப்பதால் கொடுமை குறைந்துவிடாது.

முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேட்டால் நேராகச் சொல்லுங்கள். பாம்பு கடித்துச் செத்தது, வண்டியில் அடிபட்டது, எதுவானாலும் சரி. குட்டி ரத்தபேதியாகி இரண்டு நாளில் செத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது பார்வோ வைரஸாக இருந்திருக்கலாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வாசலுக்குக் கொண்டுவந்தால் அதுவும் போய்விடும். உண்மையைச் சொன்னால், தடுப்பூசி முடிந்த பெரிய நாயாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.

என்ன சோறு போடுவீர்கள் என்று கேட்பார்கள். டப்பாத் தீனியின் பெயரைச் சொல்ல வேண்டுமோ என்று தயங்காதீர்கள். சோறு அல்லது ராகிக் களியோடு வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி, கொஞ்சம் காய். முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு நாயின் புரதத்துக்குத் தவிக்க வேண்டியதில்லை. வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும் என்பதும், வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று காட்டினால், கேட்பவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

படி 5: வீட்டைப் பார்க்க வருவார்கள்

வீட்டைச் சோதனை போடுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். நேரிலோ வீடியோவிலோ, அவர்கள் பார்ப்பது உங்கள் வசதியை அல்ல. ஓட்டு வீடா, மெத்தை வீடா என்பது நாய்க்கு ஒன்றுதான். நாய் தப்பிப் போக எங்கே வழி, எங்கே உயிருக்கு ஆபத்து, இரண்டும்தான் அவர்கள் கேள்வி. நகரத்திலிருந்து வருபவருக்குப் பால்கனி தெரியும், தோட்டம் தெரியாது. ஆகவே ஆபத்துகளை நீங்களே முந்திக்கொண்டு காட்டுங்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு முதல் ஆபத்து. வலையோ கம்பியோ போட்டு மூடுங்கள், அது நாய்க்கு மட்டுமான நன்மை இல்லை. ராஜவாய்க்கால் ஓரத்து வீடு என்றால், தண்ணீர் திறந்துவிடும் காலத்தில் கரை வழுக்கும், புது நாயைக் கயிறில்லாமல் அந்தப் பக்கம் விடக் கூடாது. அடுத்தது மருந்து. கரும்புக்கும் வாழைக்கும் போடும் குருணை மருந்து, எலி மருந்து, களைக்கொல்லி டப்பா எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும். தோட்டத்து நாய்கள் விஷத்தில் சாவது நாம் கவனிக்காமல் விடுகிற ஒன்று. "ராத்திரி நல்லா இருந்துச்சு, காலையில நுரை தள்ளிக் கிடந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் புதைத்துவிடுகிறோம். பன்றிக்கு வைக்கும் கள்ள மின்வேலி சட்டப்படியே தவறு, மனிதர்களையும் கொன்றிருக்கிறது. அது உள்ள தோட்டத்துக்கு நாய் மட்டுமல்ல, எதுவும் வரக் கூடாது.

வெல்ல ஆலை வைத்திருப்பவர்கள் கொப்பரை இருக்கும் இடத்துக்கும் நாய்க்கும் நடுவே ஒரு தடுப்பு வையுங்கள். ஆடிப்பெருக்கிலும் விடுமுறை நாள்களிலும் படுகை அணைக்கும் பூங்காவுக்கும் கூட்டம் வந்து சாலை முழுவதும் வண்டியாக நிற்கும். அந்த நாள்களில் நாய் வாசலுக்குள்ளேயே இருக்கும்படி ஒரு கதவு வேண்டும்.

படி 6: ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

ஒப்பந்தத்தில் வழக்கமாக இருப்பவை: கருத்தடை செய்ய வேண்டும், தடுப்பூசி தவறக் கூடாது, இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, அவ்வப்போது படம் அனுப்ப வேண்டும், வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் காப்பகத்திடமே திருப்ப வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் நம் வழக்கத்துக்கு நேர் எதிரானது. "எனக்கு முடியல, மச்சான் வீட்டுல கேட்டாங்க, கொடுத்துட்டேன்" என்பது நமக்குச் சாதாரணம். அமெரிக்காவில் 2007-இல் இதைச் சுற்றி நாடே பேசிய ஒரு விவகாரம் நடந்தது. தொலைக்காட்சி நட்சத்திரம் எல்லன் டிஜெனரஸ், பாசடேனா நகரத்தின் மட்ஸ் அண்ட் மாம்ஸ் என்ற காப்பகத்தில் இக்கி என்ற குட்டி நாயைத் தத்தெடுத்தார். வீட்டுப் பூனைகளோடு அது ஒத்துப்போகவில்லை. தன் முடி அலங்காரக் கலைஞரின் குடும்பத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று காப்பகம் அந்த வீட்டுக்குப் போய் நாயைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சிறு நாய்களைப் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்பது அவர்கள் விதி, அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வயது அதற்கும் குறைவு. எல்லன் தன் நிகழ்ச்சியில் அழுதார். காப்பகத்துக்காரர்களுக்கு மிரட்டல்கள் வந்தன.

இதில் யார் பக்கம் நிற்பது? நாயை மாற்றிக் கொடுக்காதே என்ற விதி சரி. இரண்டாவது கைக்குப் போன நாய் மூன்றாவது, நான்காவது கைக்குப் போவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் பிள்ளைகளின் வயதைக் காட்டி, நாயோடு ஒட்டிவிட்ட நல்ல குடும்பத்திலிருந்து அதைப் பிடுங்கியது சரியில்லை. அந்த வீட்டைப் போய்ப் பார்த்து, புது ஒப்பந்தம் எழுதியிருக்கலாம். விதியின் நோக்கம் நிறைவேறியிருக்கும், நாயும் இன்னொரு முறை இடம் மாறியிருக்காது. நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது எளிது: மச்சான் வீட்டுக்குக் கொடுக்க நினைத்தால் முதலில் காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் அவர்கள் மச்சானிடம் பேசி, அவர் பெயரில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

கருத்தடை பற்றி ஊரில் இருக்கும் தயக்கங்கள் எனக்குத் தெரியும். ஒரு ஈற்றாவது போட்டால்தான் உடம்புக்கு நல்லது, கருத்தடை செய்த கடுவன் காவல் காக்காது என்பார்கள். இரண்டும் உண்மையில்லை. நாய் தன் இடத்தைக் காக்கும் குணம் கருத்தடையால் போவதில்லை. சீக்கிரம் கருத்தடை செய்த பெட்டைக்குக் கருப்பையில் சீழ் வைக்கும் நோய் வராது, மடிக் கட்டிக்கான வாய்ப்பும் குறையும். 2023-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், வளர்ப்பு நாயின் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு என்றுதான் சொல்கின்றன.

படி 7: அழைத்து வருவதும் முதல் மூன்று மாதமும்

காரில் அழைத்து வாருங்கள். புறப்படும் முன் வயிறு முட்டச் சோறு வேண்டாம். போன் எண் எழுதிய பட்டையைக் கழுத்தில் மாட்டிய பிறகே காப்பகத்தை விட்டுக் கிளம்புங்கள். வழியில் நிறுத்தினால், கயிறு கையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு கதவைத் திறங்கள். புது நாய் தொலைவது பெரும்பாலும் முதல் சில நாள்களில்தான்.

முதல் பத்துப் பதினைந்து நாள் அதை அவிழ்த்துவிடக் கூடாது. கட்டக் கூடாது என்பதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. நீளக் கயிற்றில், வீட்டார் கண்ணெதிரே, புழங்கும் இடத்தில் கட்டுவது பழக்குவதற்காக. பழகியதும் கயிறு போய்விடும். ஆட்டையும் கோழியையும் கயிற்றில் பிடித்தபடி தூரத்திலிருந்து காட்டத் தொடங்குங்கள். பார்த்தும் பாயாமல் இருந்தால் ஒரு துண்டு முட்டை கொடுங்கள். இதை நாள்தோறும் செய்ய வேண்டும், அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் சொந்தம் என்று காப்பகத்துக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் சோறு தின்னாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால் பயப்படாதீர்கள். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைக்காதீர்கள், ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள்.

படி 8: ஊசியும் வைத்தியமும்

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். அரசு கால்நடை மருந்தகங்களில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடக்கும். ஜூலை 6, செப்டம்பர் 28 தேதிகளையொட்டி விசாரியுங்கள். அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

தோட்டத்து நாய்க்கு உண்ணி பெரும் பகை. உண்ணியால் வரும் காய்ச்சலில் நாய் தீனியை மறுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரலாம். அதைச் சூடு என்று நினைத்து மோர் ஊற்றிக் காத்திருந்தால் நாய் போய்விடும். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

எந்த நாய் கடித்தாலும், அது வீட்டு நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மந்திரிப்பு எதுவும் வேண்டாம். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை.

மறுத்துவிட்டால்

காரணம் கேளுங்கள், கோபப்படாமல் கேளுங்கள். வேலி இல்லை என்றால் வேலி போட்டுவிட்டு மறுபடி போன் செய்யலாம். தூரம் என்றால் மருத்துவரைப் பேசச் சொல்லலாம். ஒரு காப்பகம் மறுத்தால் இன்னொன்று தரலாம். எங்கும் கிடைக்காவிட்டால், உங்கள் தெருவிலேயே திரியும் பெட்டை நாயைக் கருத்தடைக்கும் ஊசிக்கும் அழைத்துப் போய் வாசலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்தால் போதும், காப்பகத்துப் படிவம் இல்லை, ஆனால் இங்கே சொன்ன அத்தனையும் அதற்கும் பொருந்தும்.

காப்பகம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்

இதைப் படிப்பவர்களில் நாய் மீட்பவர்களும் இருப்பீர்கள். உங்கள் உழைப்பையும் நீங்கள் பார்த்த கொடுமைகளையும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் விண்ணப்பத்தில் கிராமத்துப் பெயரைப் பார்த்ததுமே 'காவலுக்குக் கட்டிப் போடுவார்கள்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே ஹ்யூமேன் சொசைட்டி 'அடாப்டர்ஸ் வெல்கம்' என்ற கையேட்டின் வழியாக, விசாரணைக்குப் பதிலாக உரையாடல் என்று காப்பகங்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல வீடுகளை விதியே விரட்டுகிறது என்று கண்டதால்தான்.

காற்றும் நிழலும் நாள் முழுவதும் ஆள் துணையும் உள்ள தோட்டத்து வீடு, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பூட்டிக் கிடக்கும் இரண்டு படுக்கையறை வீட்டைவிட நாய்க்கு நல்லது. கருத்தடை, ஊசி, திருப்பித் தரும் நிபந்தனை மூன்றிலும் ஓர் இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் படுக்குமா, மாதச் சம்பளம் எவ்வளவு, ஆங்கிலப் படிவத்தை நிரப்பத் தெரியுமா என்பவற்றை விட்டுவிடுங்கள். படிவத்தைத் தமிழில் அச்சடியுங்கள். போனில் அந்த வீட்டு அம்மாவிடம் பத்து நிமிடம் பேசுங்கள், நாய்க்கு அந்த வீடு ஆகுமா ஆகாதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.